பெஞ்சில் உட்கார்ந்திருந்த சகலை

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. வேறு மாதிரியும் ஆரம்பிக்கலாம்தான். 'மனித மனத்தின் இருண்ட மூலைகளில்' என்று ஒரு வாக்கியம் எழுதி அடித்தும் விட்டேன். விஷயம் அவ்வளவு பெரியதில்லை. என் மனைவியின் தங்கையைக் கட்டிக்கொண்டவன், அதாவது என் சகலை, இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் ஒரு பன்னாட்டுக் கால்பந்துக் கோப்பைக்குப் போய்வந்தவன். தேசிய அணியின் இரண்டாவது கோல்கீப்பர். குழுச் சுற்றில் மூன்று ஆட்டம். மூன்றிலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அணியும் அந்தச் சுற்றோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

ஆனாலும் என் மாமனார் வீட்டுக்கு யார் வந்தாலும் அறிமுகம் இப்படித்தான் நடக்கும். "இவர் சின்ன மாப்பிள்ளை. கப்புக்குப் போனவர்." பிறகு தொண்டையைச் செருமிக்கொள்வார். "இவர் பெரிய மாப்பிள்ளை. இவரும்... எழுதுவாரு."

அந்த 'இவரும்' எதற்கு என்று இருபது வருடமாக யோசிக்கிறேன்.

(நேரில் 'வாங்க சகலை, உக்காருங்க சகலை' என்றுதான் பேசுவேன். 'அவன்' எல்லாம் எழுத்தில் மட்டும். எழுதுகிறவனுக்குச் சலுகைகள் குறைவு. இதையாவது எடுத்துக்கொள்கிறேன்.)

2

முதல் தொடக்கம்: "விசில் ஊதியது. இருபத்திரண்டு பேரும் ஓடத்"

இதற்கு மேல் போகவில்லை. ஓடுகிறவர்கள் இருபத்திரண்டு பேர். என் ஆள் அதில் இல்லை.

இரண்டாம் தொடக்கம்: "அவனுடைய கையுறையில் ஒரு பொட்டு மண்கூட"

இது நன்றாக வந்தது. அதனாலேயே அடித்துவிட்டேன். அவன்மேல் பரிதாபம் வந்துவிடும் போலிருந்தது.

மூன்றாம் தொடக்கம், போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. மாமனார் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்து டிவி முன்னால் சாய்ந்திருந்தோம். இந்த வருடக் கோப்பையின் குழுச் சுற்று ஓடிக்கொண்டிருந்தது. என் மனைவி அவனிடம்தான் கேட்டாள். நானும் பக்கத்தில்தான் இருந்தேன், எனக்கும் பதில் தெரியும். ஆனால் அவனிடம்தான் கேட்டாள்.

"ஏன் கடைசி ரெண்டு மேட்சையும் ஒரே நேரத்துல வைக்கிறாங்க?"

"ஒரு குரூப்ல நாலு டீம், ரெண்டுதான் மேல போகும்" என்றான் சகலை. "ஒண்ணு முடிஞ்சு இன்னொண்ணு வச்சா, பின்னாடி ஆடறவன் ஸ்கோரைப் பாத்துக் கணக்குப் போட்டு ஆடுவான் இல்ல? அதான் ரெண்டு கிரவுண்டுல ஒரே நேரத்துல வைக்கிறது. எங்க கடைசி மேட்ச் கதையைச் சொன்னேனா?"

சொல்லியிருக்கிறான். பதினேழு தடவை.

"நாங்க ஒண்ணு ஜீரோன்னு முன்னாடி இருக்கோம். அப்படியே முடிஞ்சா மேல போயிடலாம். ஆனா இன்னொரு மேட்ச் நடக்குற அந்த கிரவுண்டுல ஒரு கோல் விழுந்துட்டா எங்களுக்கும் இன்னொண்ணு வேணும். அப்ப ஏது கையில போனு? கோச் என்கிட்ட ஒரு குட்டி ரேடியோவைக் குடுத்து, 'நீ எப்படியும் சும்மாதானே உக்காந்திருக்கே, அங்க என்ன ஆவுதுன்னு கேட்டுச் சொல்லு'ன்னாரு. அந்தக் கருமம் பிடிச்ச ரேடியோ..."

இந்த இடத்தில் வாயாலேயே ரேடியோ மாதிரி கரகரவென்று ஒரு சத்தம் போடுவான்.

"கோல் போட்டானா, தும்மினானான்னே தெரியலை! விஷயம் தெரிஞ்சு நான் சொல்றப்ப அஞ்சு நிமிஷம்தான் பாக்கி. எல்லாரும் தலைதெறிக்க ஓடினாங்க. ஒரு பந்து கம்பத்துல பட்டு வெளிய போச்சு. அவ்ளோதான், மூட்டையைக் கட்டிட்டோம்."

என் மனைவி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். இருபத்திரண்டு வருட வாழ்க்கையில் நான் சொன்ன எதற்கும் அவள் கண்ணில் தண்ணீர் வந்ததில்லை. வந்திருக்கிறது, ஆனால் சிரித்து அல்ல. தோற்றுப்போனதைச் சொல்லிக் கைதட்டு வாங்க ஒருவனால் முடிகிறது! நான் ஜெயித்ததைச் சொன்னாலோ கொட்டாவி விடுகிறார்கள். இவனை வைத்தே ஒரு கதை எழுதி இவனைக் கவிழ்ப்பது என்று அங்கேயே முடிவு செய்தேன்.

3

குழுச் சுற்று பற்றிக் கொஞ்சம். (கால்பந்து தெரிந்தவர்கள் அடுத்த எண்ணுக்குப் போய்விடலாம். பொறாமை தெரிந்தவர்கள் இருங்கள்.)

நாக் அவுட்டில் தோற்றால் தோற்றதுதான், பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம். குழுச் சுற்றில் அந்த நிம்மதி கிடையாது. நீங்கள் ஜெயித்தால் மட்டும் போதாது. பக்கத்து மைதானத்தில் எவன் எத்தனை போட்டான் என்று காதைத் தீட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே மாமனார் வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகள் சாப்பிட உட்காருவதும் இதே ஏற்பாடுதான். என் தட்டில் என்ன விழுந்தது என்று நான் பார்ப்பதே இல்லை. 'இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க மாப்ளே' என்று மாமியார் எந்தத் தட்டுப் பக்கம் குனிகிறார் என்றுதான் பார்ப்பேன். கோல் வித்தியாசத்தில் நான் எப்போதோ வெளியே போய்விட்டேன்.

4

ஆக, கதை. அதன் முக்கியமான பத்தி இது:

"ரேடியோ தெளிவாகத்தான் கேட்டது. எழுபத்தாறாவது நிமிடத்தில் அந்த மைதானத்தில் கோல் விழுந்தது. கோச் மூன்றடி தள்ளி நின்றிருந்தார். இரண்டாம் கீப்பர் வாயைத் திறக்கவில்லை. களத்தில் நின்ற முதல் கீப்பரின்மேல் இருந்த பொறாமையில் நான்கு நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தான்."

அவ்வளவும் என் கற்பனை. முதல் கீப்பருக்கு 'நெட்டை' என்று பட்டப்பெயர் வைத்தேன். அன்றைக்கு அவன் எல்லாப் பந்தையும் பிடித்தான், அரங்கமே அவன் பெயரைக் கத்தியது என்று எழுதினேன். அணி மேலே போனால் நெட்டை இன்னும் உயரமாகிவிடுவான். வெளியேறினால் திரும்பி வரும் விமானத்தில் இருவரும் ஒன்றுதான். இதுதான் என் இரண்டாம் கீப்பரின் கணக்கு.

என் மனைவி படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"என்னங்க இது? சொந்த டீம் தோக்கட்டும்னு எவனாவது உக்காந்திருப்பானா? நம்பற மாதிரியே இல்லை."

"ஏன், மனுஷன்னா பொறாமை இருக்காதா?"

"இருக்கும். இவ்வளவு இருக்காது."

எனக்கு நன்றாகவே நம்பும்படி இருந்தது.

5

வயிற்றுப்பாட்டுக்கு நான் செய்யும் வேலையை இங்கே சொல்லியாக வேண்டும். வாஷிங் மெஷின், மிக்சி, ஹீட்டர் இவற்றோடு பெட்டிக்குள் வருமே ஒரு கையேடு, அதை எழுதுகிறவன் நான். பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் நீங்கள் பரணில் போடுகிறீர்களே, அதேதான். எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எழுதி முடித்ததும் அந்த இயந்திரத்தை உருவாக்கிய இன்ஜினீயருக்கு அனுப்புவோம். அவர் அபிப்பிராயம் எல்லாம் சொல்ல மாட்டார். தப்பானதைப் பென்சிலால் அடித்து, சரியானதை மேலே எழுதுவார். அவர் கைவைக்காத வரியெல்லாம் உண்மை. அப்படியே அச்சுக்குப் போய்விடும்.

கதையையும் அப்படியே சகலைக்கு அனுப்பினேன்.

"கால்பந்து விவரம் மட்டும் பாருங்க சகலை. தப்பா இருக்கிறதை அடிச்சு, சரியானதை மேல எழுதிடுங்க. வேற எதுவும் எழுத வேணாம்" என்றேன்.

விவரமாவது மண்ணாவது. அவன் படிக்க வேண்டும், அவன் முகம் சுண்டிப்போக வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பத்தியை அடித்துவிட்டால் மீதிக் கதை உங்களுக்குப் புரியாது.

6

அவன் விளையாட்டு ஷூ கடை வைத்திருக்கிறான். நான் போனபோது தரையில் மண்டியிட்டு, ஒரு அம்மாவின் ஷூ நுனியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். "இடிக்குதாம்மா? நடந்து பாருங்க." என்னை நிமிர்ந்து பார்க்காமலே கல்லா மேலிருந்த உறையைக் காட்டினான்.

போட்டுப் பார்க்கிற ஸ்டூலில் உட்கார்ந்து பிரித்தேன். கால் மட்டும் தெரிகிற கண்ணாடியில் என் பழைய செருப்பு தெரிந்தது.

சுத்தமான வேலை. 'மரக் கம்பம்' என்பதை அடித்து 'அலுமினியம்' என்று எழுதியிருந்தான். பெஞ்சில் ஏழு பேர் என்றிருந்ததைப் பன்னிரண்டாக்கியிருந்தான். அந்தப் பத்திக்கு வந்தேன். 'ரேடியோ தெளிவாகத்தான் கேட்டது.' கைவைக்கவில்லை. 'வாயைத் திறக்கவில்லை.' கைவைக்கவில்லை. 'பொறாமையில்.' அதிலும் கைவைக்கவில்லை.

'நான்கு' என்பதை அடித்து, மேலே 'ஒன்பது' என்று எழுதியிருந்தான்.

அந்த அம்மா பணம் கொடுத்துவிட்டுப் போகும்வரை அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவன் வந்து எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

"யாரு சொன்னா சகலை உங்களுக்கு?"

"யாரும் சொல்லலை. நானா எழுதினேன்."

"நீங்களாவா?" கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். "உங்க கொழுந்தியாளுக்குக்கூடத் தெரியாது. ரேடியோ மேல பழியைப் போட்டே இத்தனை வருஷம் ஓட்டிட்டேன்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"நெட்டைன்னு வச்சிருக்கீங்களே, அவன் பந்தைப் பிடிச்சுக்கிட்டுப் படுத்தே கிடந்தான். டைம் ஓட்டறானாம். அப்புறம் எழுந்து ஷூ லேஸைக் கட்டினான். கட்டின லேஸை அவுத்துத் திரும்பக் கட்டினான். ஜனம் கைதட்டுது. ஜெயிச்சுட்டோம்னு நினைச்சு எங்க டைமையே எங்க ஆளே வீணாக்கிக்கிட்டு இருக்கான். அவன் முட்டாளாயிட்டு இருக்கிறது எங்க கிரவுண்டுலயே எனக்கு மட்டும்தான் தெரியும். அது... நல்லா இருந்துச்சு சகலை. இன்னும் ஒரு லேஸ் கட்டட்டும், அப்புறம் சொல்லிக்கலாம்னு உக்காந்திருந்தேன்."

இப்போது என்னைப் பற்றி ஒரு உண்மை. அவன் குரல் உடைந்துகொண்டிருந்தபோது எனக்குள் ஓடியது இதுதான்: அந்த ஷூ லேஸ் எனக்கு ஏன் தோன்றவில்லை? ஒரு வாரம் மண்டையைக் கசக்கி நான் நான்கு நிமிடத்தைத்தான் கற்பனை செய்தேன். இந்த ஆள் சர்வசாதாரணமாக ஒன்பது நிமிடம் செய்துவிட்டு வந்திருக்கிறான். பாவத்தில்கூட என்னை ஜெயித்துவிட்டானே!

7

"எழுதிக்குங்க" என்றான். "நடந்ததை நடந்த மாதிரியே எழுதிக்குங்க. தெரிஞ்சா தெரியட்டும். நான் அவகிட்டச் சொல்லிடறேன். ஒண்ணே ஒண்ணு மட்டும்."

"சொல்லுங்க."

"முடிவுல உங்க ரெண்டாம் கீப்பர் நேரத்துக்குச் சொல்லிடட்டும். எழுபத்தாறாவது நிமிஷம் கோல் விழுந்துச்சா, அப்பவே எந்திரிச்சு கோச்கிட்டச் சொல்லிடட்டும். கதைதானே? உங்களால முடியும்ல? நான் அதைப் படிச்சுப் பாக்கணும் சகலை. ஒரு தடவை."

இருபது வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் உதவி. அவனால் முடியாத ஒன்று என்னால் முடியும் என்று அந்தக் குடும்பத்தில் யாரும் சொன்னதில்லை. "பண்ணிடலாம் சகலை, இதென்ன பிரமாதம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

8

முடிவு ஒன்று: அவன் சொல்கிறான். கோச் கத்துகிறார். நெட்டை பந்தை நீளமாக உதைக்கிறான். கோல். அரங்கமே எழுந்து

அடித்துவிட்டேன். என் கதையிலும் அவனே கதாநாயகனா? மாமனார் கதை வந்த பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "பெரிய மாப்பிள்ளை, சின்ன மாப்பிள்ளையைப் பத்தி எழுதியிருக்காரு பாருங்க" என்று வருகிறவனுக்கெல்லாம் காட்டுவார்.

முடிவு இரண்டு: அவன் நேரத்துக்குச் சொல்கிறான். பதினான்கு நிமிடம் போராடியும் கோல் விழவில்லை. கோப்பையை விட்டு வெளியேறுகிறார்கள். இது எனக்குப் பிடித்திருந்தது. மனைவியும் தலையாட்டினாள். "இது நல்லாருக்குங்க. சொல்லியிருந்தாலும் தோத்துத்தான் போயிருப்பாங்கன்னு ஆகுது. அவருக்கு எவ்வளவு ஆறுதலா இருக்கும்!"

அன்று மதியமே அதையும் அடித்துவிட்டேன்.

(அது நிஜமாகவே நடந்தது என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? தங்கை அழுதுகொண்டே போன் செய்திருக்கிறாள். அவன் சொன்னபடியே வீட்டில் சொல்லிவிட்டான். அவன் பங்கு முடிந்தது.)

முடிவு மூன்று, நான்கு, ஐந்து: ஒவ்வொன்றிலும் அவன் எழுந்து நிற்கிறான். ஒவ்வொன்றிலும் நான் பேனாவை மூடிவிடுகிறேன்.

9

நேற்று போன் செய்தான்.

"முடிச்சிட்டீங்களா சகலை?"

"இன்னும் ரெண்டு நாள் ஆகும் போலிருக்கு. முடிவு சரியா அமைய மாட்டேங்குது."

"பரவாயில்லை, மெதுவாவே எழுதுங்க. நான் காத்திருக்கேன்."

அமைகிறது. அமையாமல் என்ன? ஒரே ஒரு வாக்கியம். அதை எழுதிக் கொடுத்தால் அந்த மனிதன் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, எழுத்து எழுத்தாகப் படிப்பான். அது எனக்குத் தெரியும். அந்த வாக்கியம் என் நாக்கு நுனியில் இருக்கிறது. பதினோரு நாளாக நான் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அவன் காத்திருப்பது, இதுவும் சொல்லிவிடுகிறேன், நன்றாக இருக்கிறது.

உங்களுக்கு அவனைத் தெரியாது. உங்கள் வீட்டில் யாரும் அவன் பேச்சுக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்ததில்லை. அதனால் உங்களால் முடியும். எழுபத்தாறாவது நிமிடம். அவனை எழுப்பி நிறுத்திவிட்டேன், அதுவரை என்னால் முடிந்தது. கோச் திரும்பிப் பார்க்கிறார். வாயைத் திறந்துவிட்டான். தயவுசெய்து சீக்கிரம், யாராவது சொல்லிவிடுங்கள்.

"கோச், அந்த கிரவுண்டுல