முப்பத்தொன்பது இன்ச்

காரின் பின்கதவைத் திறந்து வைத்து, ஷோரூம் தரையில் முட்டி போட்டு நான் இன்ச் டேப்பை நீட்டியபோது, டை கட்டிய விற்பனைக்காரத் தம்பி சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டான். சிரிக்கட்டும். அவன் கோட்டில் தோள்பட்டை அரை இன்ச் தொங்கியதைப் பார்த்து நான் சிரித்தேனா? முப்பது வருஷமாகத் தையல்கடை வைத்திருப்பவன் நான். டேப் இல்லாமல் என்னால் மூச்சுகூட விட முடியாது என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள்.

"சார், மைலேஜ் பாப்பாங்க, கலர் பாப்பாங்க. சீட்டை அளக்குறவரை இப்பத்தான் பாக்குறேன்."

"உக்காரப்போறது மைலேஜ் இல்ல தம்பி, என் வீட்டம்மா."

மார்பில் வந்த கட்டி அவளுடைய இடுப்பெலும்புக்கு இறங்கி நாலு மாதம் ஆகியிருந்தது. வாரம் ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட வேண்டும். இரண்டு பஸ் மாற வேண்டும். இடது காலை மடக்க முடியாது. மடக்காமல் பஸ்ஸில் உட்கார முடியாது. வாடகைக் கார் இரண்டு முறை கூப்பிட்டோம். காலை நீட்டிக்கொள்ள இடமில்லாமல் வழியெல்லாம் முனகிக்கொண்டே வந்தாள். அப்புறம், "இந்தக் காசைச் சேத்து வச்சா நம்ம காருக்காச்சும் ஆகும்" என்று அவளே நிறுத்திவிட்டாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கும் என் மகள் ஓட்டுநர் உரிமம் எடுத்து வைத்திருந்தாள். ஆக, பாக்கி கார்தான்.

வீட்டில் அவளைக் கட்டிலில் சாய்ந்து உட்காரச் சொல்லி அளவெடுத்திருந்தேன். முதுகிலிருந்து குதிகால் வரை முப்பத்தொன்பது இன்ச். பின்சீட்டில் ஒரு கதவுப் பக்கம் தலையணை வைத்துச் சாய்ந்து, காலை மறு கதவு வரை நீட்டிக்கொள்ளலாம். சீட்டு மொத்தம் ஐம்பத்தொன்று. தலையணைக்கு ஆறு போனாலும் தாராளம். மூன்று ஷோரூமில் ஏழு கார்களை அளந்து பார்த்து இந்த ஒன்றைப் பிடித்தேன்.

"இதையே எடுத்துக்கறேன்" என்றேன். அந்தத் தம்பி அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அவசரமில்லைன்னா அஞ்சு வாரம் பொறுத்துக்குங்க சார். மூணு நாள் சேந்தாப்புல லீவு வருது. அப்ப தள்ளுபடி போடுவாங்க. சீட் கவரெல்லாம் சும்மாவே வரும்."

அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். அவன்மேல் குற்றமே இல்லை. சொன்ன விலைக்குப் பொருள் வாங்கியவன் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது; ஐந்து வாரம் என்றதும் எனக்கு வாயெல்லாம் பல். அவசரமில்லைன்னா என்று அவன் முதலில் சொன்னது என் காதில் விழவே இல்லை.

வீட்டில் மகள்தான் குதித்தாள். "இப்பவே எடுங்கப்பா. அம்மா பஸ்ல படுற பாடு உங்களுக்குத் தெரியாது. நான்தான கூடப் போறேன்."

"ஆக்கப் பொறுத்தவங்களுக்கு ஆறப் பொறுக்காதா? அஞ்சே வாரம்."

கட்டிலிலிருந்து மனைவி சிரித்தாள். "விடுடி. உங்கப்பா என்னைப் பொண்ணு பாக்க வந்தப்பவே தள்ளுபடி உண்டான்னு கேட்ட ஆளு."

அன்றைக்கு மூன்று பேருமே சிரித்தோம்.

அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஐந்து வாரத்துக்கும் கட்டம் போட்டேன். எந்த நாள் ஷோரூம் ஃபாரங்களை நிரப்புவது, எந்த நாள் வாசலில் நிற்கும் பழைய பீரோவை நகர்த்தி இடம் செய்வது, எல்லாம் எழுதியிருந்தேன். அவள் தலைக்கு வைக்க ஆறு இன்ச் தலையணை ஒன்றை நானே தைத்தேன். மூன்றாவது வாரம் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதில் அவள் கத்திய கத்தலில் டிரைவர் வண்டியையே நிறுத்திவிட்டாராம். வீட்டுக்கு வந்த மகள் பஸ்ஸில் கொண்டுபோயிருந்த துண்டை என் முன்னால் போட்டாள். அதில் அவள் அம்மா கடித்த தடம் இருந்தது.

அப்போதாவது எழுந்து போய்க் காரை எடுத்திருக்க வேண்டும். போகவில்லை. இரண்டே வாரம்தானே என்று புத்தி கணக்குச் சொன்னது.

நாலாவது வாரம் அவளே, "இந்தத் தடவை வேணாங்க. கார் வந்ததும் மகாராணி மாதிரிப் போறேன்" என்றாள். நான் சரி என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸம்மா போன் பண்ணி, "ஒரு ஊசிகூட விடக்கூடாதுங்க" என்றார். அடுத்த வாரம் கட்டாயம் வருகிறோம் என்று சொன்னேன். அடுத்த வாரமும் போகவில்லை.

என் தொழிலில் ஒரு விதி உண்டு. பழைய அளவை நம்பி வெட்டக் கூடாது. "போன வருஷ அளவு நோட்டுல இருக்குல்ல, அதையே வெட்டுங்க" என்பார்கள். வெட்டவே மாட்டேன். "உடம்பு நோட்டைப் படிச்சிட்டா வளருது? வந்து நில்லுங்க" என்று விரட்டுவேன். துணியை வெட்டின பிறகு ஒட்ட முடியாது. கடைப் பையன்களுக்கெல்லாம் திட்டித் திட்டிச் சொல்லிக்கொடுத்த இதை என் வீட்டில் மறந்தேன். தள்ளுபடி விற்பனைக்கு இரண்டு நாள் முன்பிருந்து அவள் உட்காரவே இல்லை. மல்லாந்து படுத்தபடியே இருந்தாள். கார் வரட்டும், ஊசி போட்டால் எழுந்துவிடுவாள் என்று நினைத்தேனே தவிர, டேப்பை எடுக்கவில்லை.

சனிக்கிழமை காலை ஷோரூம் திறக்க ஒன்றரை மணி நேரம் இருக்கும்போதே போய் முதல் ஆளாக நின்றேன். உள்ளே பலூன் கட்டியிருந்தார்கள். அந்தத் தம்பி என் கையைப் பிடித்துக் குலுக்கினான். பேசிப் பேசி, தள்ளுபடிக்கு மேலேயும் கொஞ்சம் குறைத்தேன். மகள் ஓட்ட, பக்கத்தில் ஜம்மென்று உட்கார்ந்து வந்தேன்.

வாசலில் காரை நிறுத்திவிட்டு மகளும் நானும் அவளைத் தூக்கப் போனோம். முதுகுக்குக் கீழே கை கொடுத்து இடுப்பை ஒரு சாண் உயர்த்தியதும் அவள் போட்ட சத்தம் மனுஷச் சத்தமாகவே இல்லை. மறுபடி படுக்க வைத்தோம். முன்சீட்டைச் சாய்த்து வைத்துவிட்டு வந்தாள் மகள். சாய்த்து என்ன பண்ண? இடுப்பு வளைந்தால்தானே உள்ளே நுழைய முடியும்?

கொஞ்ச நேரம் கழித்து மனைவி கண்ணைத் திறந்தாள். "அளந்து பாருங்க."

"எதை?"

"என்னை. படுத்தாப்புல."

உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை டேப்பைப் பிடித்தேன். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் உயரத்தை நான் அளந்ததே இல்லை. அறுபத்தொன்று.

"சீட்டு?"

"அம்பத்தொண்ணு."

"பத்து இன்ச்சா?" என்று கேட்டுவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டாள். "எல்லாருக்கும் உள்பக்கம் கொஞ்சம் துணி விட்டுத் தைப்பீங்களே. உடம்பு மாறினா பிரிச்சு விட்டுக்கலாம்னு. எனக்கு விடலையா?"

கேலிதான் பண்ணினாள். நான் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். "பாவி ஆயிட்டேனே, பாவி ஆயிட்டேனே" என்று வாய் தன்னாலே சொல்லிக்கொண்டிருந்தது. மகள் என்னைத் தேற்றவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து பலகையில் அலுங்காமல் எடுத்துப் போனார்கள். நானும் ஏறப் போனேன். அவள் என் சட்டையைப் பிடித்தாள். "நீங்க கார்ல வாங்க. இவ்வளவு பாடுபட்டு வாங்கிட்டு, சும்மாவா நிறுத்தி வைப்பீங்க?"

மகள் காரை எடுத்தாள். நான் பின்னால் ஏறினேன். இலவசமாக வந்த சீட் கவரின் பிளாஸ்டிக் உறையை இன்னும் கிழிக்கவில்லை. அசைந்தால் சத்தம் போட்டது. முன்னால் ஆம்புலன்ஸின் கண்ணாடியில் நர்ஸின் முதுகு மட்டும் தெரிந்தது. கூட்டு ரோட்டில் சிவப்பு விழுந்தது. ஆம்புலன்ஸ் நிற்காமல் தாண்டிப் போயிற்று. நாங்கள் நின்றோம்.

கண்ணாடி வழியாக மகள் என்னைப் பார்த்தாள். கதவோரம் ஒடுங்கி, அவள் அம்மாவுக்கு அளந்த முப்பத்தொன்பது இன்ச்சைக் காலியாக விட்டு, மடியில் அந்தத் தலையணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"நல்லா தள்ளி உக்காருங்கப்பா" என்றாள். காலையிலிருந்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"எடமில்லம்மா" என்றேன்.