வாரத்துக்கு விட்ட கோழி

மேடை ஏறினால் சங்கத் தலைவர் தெய்வசிகாமணி இரண்டு மணி நேரம் பேசுவார். எண்பத்தேழு செப்டம்பரில், இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரத்தில், கல்வராயன் மலையடிவாரத்து அந்த ஊரில் புளியமரத்தை வெட்டிச் சாலையில் சாய்க்கச் சொன்னது அவர்தான். சாய்ந்த மரத்தின் மேல் ஏறி நின்று, "நாம இன்னா பிச்சையா கேக்கறோம்? பங்கு கேக்கறோம், பங்கு!" என்று முழங்கினார். முதல் நாளே கள்ளக்குறிச்சி பஸ் நின்றுபோயிருந்தது. மறிப்பதற்கு ஒரு மாட்டு வண்டிகூட வரவில்லை. மரத்தோரம் சீட்டாடிக்கொண்டிருந்த சொந்தக்காரர்கள்தான் அந்த முழக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

வீட்டில் அவரைவிடச் சத்தமாக நான்கு சேவல்கள் கூவின. அவை கோழிகளாக இருந்திருக்க வேண்டியவை.

அந்த வருடம் பங்குனியில் அவர் ஒரு கோழியைக் கொளஞ்சியம்மாளிடம் வாரத்துக்கு விட்டிருந்தார். கோழி அவருடையது. அடைவைப்பதும், பருந்துக்கும் கீரிக்கும் கொடுக்காமல் காப்பதும் அவருடைய வயலில் கரும்பு வெட்டும் கொளஞ்சியின் வேலை. குஞ்சுகளில் பாதிக்குப் பாதி. எட்டுக் குஞ்சு தேறியது. சித்திரையில் பங்கு பிரிக்க உட்கார்ந்தவர், வழக்கம்போலச் சொற்பொழிவில் இறங்கினார்.

"சேவலுக்கு கம்பீரமே வாலு. அப்ப எதுக்கு வாலு மொதல்ல மொளைக்குதோ, அது சேவல். மொட்ட முதுகா நிக்குது பாரு, அதெல்லாம் பொட்ட."

குஞ்சுகளைப் பிடித்துக்கொண்டிருந்த அக்கா மகன் தங்கதுரை முனகினான். "மாமா, எல்லாரும் கொண்டையத்தான பாப்பாங்க? காலு தடிமனப் பாப்பாங்க..."

"எல்லாரும் பாக்கறத பாக்கறதுக்கு நான் எதுக்குடா?"

மொட்டை முதுகு நான்கையும் தனக்கு ஒதுக்கிக்கொண்டார். அடையாளத்துக்கு அவற்றின் இடது கால் விரல் நுனியைத் தன் கையாலேயே பிளேடால் நறுக்கினார். முட்டையிடும் பாதி தனக்கு, கூவும் பாதி அவளுக்கு. எண்ணிப் பார்த்தால் நாலுக்கு நாலு, நியாயம் கெடவில்லை. பொட்டைக் குஞ்சுக்குத்தான் வால் முந்தி முளைக்கும் என்பதைக் குஞ்சுகளும் அவரிடம் சொல்லவில்லை.

தாயை விட்டுப் பிரியும்வரை எட்டும் கொளஞ்சியிடமே வளர்ந்தன. வைகாசியில் அவர் பங்கைக் கூடையில் கொண்டுவந்து விட்டாள். கொண்டை சிவந்து பெருத்தபோது, "சில பொட்டைக்கு அப்பிடித்தான் இருக்கும்" என்றார். கழுத்து மயிர் ஊசியாக நீண்டபோது, "நல்ல ஜாதி" என்றார். மறியலின் மூன்றாம் நாள் விடியலில் நான்கும் சேர்ந்து கூவின. மனைவி விஜயலட்சுமி எழுப்பினாள்.

"எழுந்திரிங்க, உங்க பொட்டைங்க கூப்புடுது. கொளஞ்சி வூட்டுல தெனம் முட்டையாம்."

தான் தப்பாகப் பிரித்திருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. வேறொன்று தோன்றியது. கொளஞ்சியை மறியல் நடக்கும் இடத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பினார்.

"இன்னா கொளஞ்சி, என் பொட்டைங்கள வெச்சிக்கினு உன் சேவலுங்கள என் வூட்டுல வுட்டுட்டியா?"

"இன்னாங்க சொல்றீங்க? நீங்கதான பிரிச்சீங்க?"

"பிரிச்சேன். அப்புறம் யாருகிட்ட இருந்துச்சி? இந்தத் திருட்டுக் கையி நாளைக்கு எவன் கரும்புல எறங்கும்?"

சீட்டுக் கட்டு கீழே இறங்கியது. கொளஞ்சியின் முகம் கறுத்தது. "திருடின்னு சொல்லிட்டீங்கன்னா அப்புறம் எந்த வயல்லங்க என்ன நிக்க வுடுவாங்க?" என்றவள் விடுவிடுவென்று வீட்டுக்குப் போனாள். தன் நான்கு கோழிகளையும் கூடையோடு கொண்டுவந்து நடுச்சாலையில் வைத்தாள். தங்கதுரை மாமா வீட்டுச் சேவல்களைக் காலைக் கட்டித் தூக்கிவந்தான்.

ஒவ்வொன்றாகக் காலைத் தூக்கிப் பார்த்தான். கோழிகளுக்கு எல்லா விரலும் முழுசாக இருந்தன. சேவல் நான்குக்கும் இடது காலில் ஒரு விரல் நுனி இல்லை.

"மாமா, இது நீங்க நறுக்கினதுதான். நாந்தான புடிச்சிக்கினு இருந்தேன்."

சீட்டாடியவர்களில் வயதில் மூத்த அய்யனார் தொண்டையைச் செருமினார். "அப்ப தலைவரே, அவங்கவங்க பங்கு அவங்கவங்ககிட்டதான் இருக்குது."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் ஒருவரையாவது அதட்டியிருக்கலாம். கொளஞ்சி கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் போனாள்.

"சரி சரி, வேலையப் பாருங்க" என்றார் தெய்வசிகாமணி. அங்கே எவனுக்கும் வேலை இல்லை.

மத்தியானம் பாதிச் சோற்றில் எழுந்தார். மரத்தைத் தாண்டி, அந்தப் பக்கத்தில் இருந்த கொளஞ்சியின் வீட்டுக்குத் தனியாக நடந்தார். 'தப்பா பேசிட்டேம்மா.' இரண்டே சொல். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மாநாட்டுப் பேச்சுக்குக்கூட இவ்வளவு தயார் செய்ததில்லை.

வாசலில் நின்று கனைத்தார். கொளஞ்சி வெளியே வந்தாள். அவர் வாயைத் திறந்தார். நாக்கு அசையவில்லை. கை மட்டும் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்து, அதை விரித்தபடியே பிடித்துக்கொண்டு நின்றது.

அவள் அந்தத் துண்டைப் பார்த்தாள். உள்ளே போய் நான்கு முட்டைகளைக் கொண்டுவந்து அதில் வைத்தாள்.

"இவ்ளோதாங்க இருக்குது. எடுத்துக்கினு போங்க. இனிமே என்ன நடுரோட்டுல நிக்க வெக்காதீங்க."

இதற்கு வரவில்லை என்று சொல்லலாம். சொன்னால், எதற்கு வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். "ம்" என்றார். துண்டை முடிந்துகொண்டு திரும்பினார்.

புளியமரம் குறுக்கே கிடந்தது. வரும்போது இரண்டு கையும் ஊன்றி ஏறித் தாண்டியிருந்தார். இப்போது ஒரு கைதான் காலியாக இருந்தது. மேலே உட்கார்ந்திருந்த தங்கதுரை குனிந்து கையை நீட்டினான்.

"மூட்டையக் குடுங்க மாமா. உள்ள இன்னா?"

"ஒண்ணுமில்லடா."

நீட்டிய கையைத் தொடாமல் அவர் சாலையை விட்டு இறங்கினார். முந்தின நாள் மழையில் பக்கத்து வாய்க்கால் சேறாகிக் கிடந்தது. மரத்தின் மேலிருந்து எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, செருப்பைச் சேற்றிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி, மூட்டை மட்டும் குலுங்காமல் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, தான் மறித்த சாலையைத் தலைவர் சுற்றிக்கொண்டு போனார்.