கம்பில் கட்டிய துணி

விடியும் முன்பே மாம்பலம் ஸ்டேஷன் பின்புறச் சந்தில் எங்கள் சலவைக்கூடம் புழுங்கத் தொடங்கிவிடும். ஹோட்டல் படுக்கைவிரிப்புகளை ஆவி பிரஸ்ஸில் அழுத்தி அழுத்தித் தோள்பட்டை கழன்றுபோகும்.

வெள்ளையாகத் தெரிவது ஆறத் தொடங்கிய ஆவி. குழாய் இணைப்பில் கசிந்து பாய்வது கண்ணுக்கே தெரியாது. இட்லிப் பானை ஆவியைவிட அதற்குச் சூடு அதிகம். தோலில் பட்டதும் தண்ணீராகி, தன் சூட்டையெல்லாம் அங்கேயே இறக்கிவிடும். அதனால் பாய்லர் பார்க்கும் பவுல்சாமி அண்ணன் தினமும் கம்பு நுனியில் துணி கட்டி ஒவ்வொரு இணைப்பிலும் காட்டுவார். துணி ஆடாவிட்டால் "போலாம்" என்பார். அந்தச் சொல்லை நம்பித்தான் நாங்கள் கை நீட்டுவோம்.

நேற்றும் "போலாம்" என்றார். என்னோடு பிரஸ்ஸில் நிற்கும் பாஞ்சாலி அதன் பின்னால் கையை விட்டாள். எங்கள் கண்ணுக்கு ஒன்றும் படவில்லை, அலறல்தான் கேட்டது. முழங்கை வரை தோல் வழன்றுவிட்டது.

இன்று கட்டுப்போட்ட கையோடு வந்தவளை முதலாளி ஆனந்தகுமார் வாசலிலேயே நிறுத்தினார்.

"கவனமில்லாம கைய விட்டுட்டு கம்பெனி மேல பழி போடாதம்மா. இனிமே வேலைக்கு வரவேணாம்."

"அண்ணன் சொன்னப்புறம்தான் சார் கைய வெச்சேன்."

"பவுலு, நீ சொன்னியா?"

பவுல்சாமி தரையைப் பார்த்தார். "வேணாம்னுதான் சார் சொன்னேன்."

பட்டினப்பாக்கத்தில் எனக்குப் பக்கத்து வீடு. சர்ச்சில் என் மகளின் ஞானஸ்நானத்துக்கு ஞானத்தகப்பனாக நின்றவர். இந்த மனிதனா இப்படிப் பேசுகிறான்?

"இன்னாண்ணே, நாங்க எல்லாரும் கேட்டுக்கினுதான இருந்தோம்?"

"நோரா, நேத்து ஹோட்டல் லோடு நிக்கக்கூடாதுன்னாரு மொதலாளி. கம்ப எடுக்க வுடல. எனக்கும் குடும்பம் கீது," என்று என் காதருகே முணுமுணுத்தார்.

"அவளுக்குக் கை கீதா?"

மூலையில் துணியில்லாமல் சாய்ந்திருந்த கம்பை எடுத்து என் துண்டைக் கட்டினேன். பிரஸ்ஸின் பின்பக்க இணைப்பில் காட்டினேன். அங்கே எதுவும் தெரியவில்லை. துண்டு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. எல்லோரும் பார்த்தார்கள்.

"இன்னிக்கும் கசியுது சார். இத்த மாத்துங்க. பாஞ்சாலிக்கு வைத்தியம் பாருங்க, வேலையும் குடுங்க. அதுவரிக்கும் யாரும் தொடமாட்டோம்."

"ஊர்ல ஆளே இல்லையா? நாளைக்கே வேற ஆள் வரும். பவுலு, நீ சொல்லு."

பவுல்சாமி எங்கள் முகங்களைப் பார்க்காமல் வாய் திறந்தார்.

"போலாம்."

யாரும் அசையவில்லை. வெளியே ஹோட்டல் வண்டி ஹாரன் அடித்தது. எங்களோடு வேலை செய்யும் வடிவேலு ஒரு ஸ்டூலை உள்ளே இழுத்துப் போட்டு பாஞ்சாலியை உட்காரவைத்தான். நாங்கள் அவளைச் சுற்றி நின்றோம்.

"போலாம்னு சொல்றேன்ல," என்றார் பவுல்சாமி, குரல் உடைந்து.

"இனிமே அத்த நாங்க சொல்லிக்கிறோம்ணே," என்றேன். கம்பை நான் கீழே வைக்கவில்லை.