முதலில் எடுத்த சிரிப்பு

1

இந்தக் கதை எனக்கு ஓசியில் கிடைத்தது. தூத்துக்குடியில் ஒரு மண்டபத்தில் டிவி விவாத நிகழ்ச்சி எடுக்கிறார்கள் என்று எனக்கும் ஒரு இலவச பாஸ் வந்தது. வெயில் நேரத்தில் ஏசி, மதியம் பிரியாணிப் பொட்டலம். போய் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முன்னால் இருந்த ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் வைத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள். சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குப் பயமாக இருந்தது. ஏன் என்று தெரிந்துகொள்ளத்தான் எழுதுகிறேன். அவள் பெயர் தெரியாது. ஷெர்லின் என்று வைத்துக்கொண்டேன். இனி அவள் பாடு, நான் குறுக்கே வரமாட்டேன். (வருவேன்.)

2

துறைமுகத்துக் கிரேன்களுக்குப் பின்னால் சூரியன் மெல்ல—

வேண்டாம். இந்த ஊர்க் கதை என்றால் கப்பலும் உப்பளமும் கூப்பிடாமலே முதல் வரியில் வந்து நின்றுகொள்கின்றன. மண்டபத்துக்கே போவோம்.

ஷெர்லினுக்கு பாஸ் கொடுத்தவன் பெனிஸ்டன். நாசரேத்துக்காரன். நிகழ்ச்சிக்கு ஆள் சேர்ப்பதும், சேர்ந்த ஆட்களைக் கைதட்ட வைப்பதும் அவன் வேலை. மேடையில் அப்போது ஒருவரும் இல்லை. வெறும் நாற்காலிகள்தான்.

"முதல்ல சிரிப்ப எடுத்துருவோம்க்கா" என்றான்.

"மேடையில யாருமே இல்லையே தம்பி. எதப் பாத்துச் சிரிக்க?"

"சும்மா சிரிங்க. வேணுங்கிற எடத்துல அவங்க போட்டுக்கிடுவாங்க."

காலி நாற்காலியைப் பார்த்துச் சிரிப்பதை நினைத்தாலே ஷெர்லினுக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்தி, பொத்த முடியாமல், கண்ணில் நீர் வரச் சிரித்தாள். கேமராக்காரர் மகிழ்ந்துபோய்க் கிட்டே வந்து இன்னொரு தடவை எடுத்துக்கொண்டார்.

3

தலைப்பு, 'நேரத்துக்கு வீடு வராத கணவர்கள்'. மனைவிமார்கள் ஒரு பக்கம், கணவன்மார்கள் எதிர்ப்பக்கம். ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டு மதியம் வரை நன்றாகத்தான் போனது. அதன்பிறகு தொகுப்பாளினி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "இப்போ நம்மகூட ஒருத்தர் பேசப்போறாங்க" என்றாள். உள்ளறையிலிருந்து பிளாரன்ஸ் வந்தாள்.

ஷெர்லின் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். பிளாரன்ஸ் அவள் தெருக்காரி, எதிர்வீடு. இங்கே வருவாள் என்று அவளுக்குத் தெரியாது.

(இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். பிளாரன்ஸின் புருஷன் ஹென்றி இரண்டு வருடத்துக்கு முன்னால் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. கடலுக்குப் போன ஆள் கரை வந்து சேரும்வரை அந்த வீட்டு வாசலில் யாரும் பல் தெரியச் சிரிக்கக் கூடாது, அந்த வீட்டுக்காரி எங்கேயுமே சிரிக்கக் கூடாது என்பது அவர்கள் தெருக் கட்டுப்பாடு. உயிரோடு வந்தாலும் சரி, அடக்கத்துக்கு வந்தாலும் சரி, அன்றோடு அது முடியும். ஹென்றி எப்படியும் வரவில்லை, அதனால் முடியவுமில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள்கூட அந்த வாசல் வந்ததும் வாயை மூடிக்கொண்டு கடக்கும்.)

பிளாரன்ஸ் மைக்கைப் பிடித்துச் சொன்னாள்: "வீட்டுக் கதவ நான் தாழ் போடுததே இல்ல. அவிய வந்தா தட்டவேண்டாம் பாருங்க."

மண்டபமே அழுதது. ஷெர்லினும் விம்மி விம்மி அழுதாள். ஆனால் அப்போது எந்தக் கேமராவும் அவள் பக்கம் இல்லை. ஆட்டோவில் ஏறிப் பாதி வழி வந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அவர்களிடம் இருப்பது அவள் சிரிப்பு மட்டும்தான்.

4

அந்த வாரம் முழுக்க ஷெர்லினுக்குச் சோறு இறங்கவில்லை. பெனிஸ்டனுக்குப் போன் போட்டாள்.

"தம்பி, நான் சிரிச்சத வெட்டிரச் சொல்லுங்க."

"எடிட்டிங் சென்னையிலக்கா. நம்ம கையில ஒண்ணுமில்ல. நீங்க நல்லாத்தான சிரிச்சிய, பொறவு என்ன?"

'கதவ நான் தாழ் போடுததே இல்ல' என்று பிளாரன்ஸ் சொல்கிறாள். அடுத்த நொடி, வாயைப் பொத்திச் சிரிக்கும் ஷெர்லின். கண்ணை மூடினால் இதுதான் ஓடியது. சிரித்தபோது மேடையில் யாருமே இல்லை என்று தெருவில் யாரிடம் சொல்லி நம்பவைப்பது? போதாக்குறைக்கு பிளாரன்ஸே வாசலுக்கு வந்து கூப்பிட்டாள்: "ஏளா, ஞாயித்துக்கிழம எங்க வீட்டுக்கு வந்துரு. எல்லாரும் சேந்து பாப்போம்."

இந்த இடத்தில் அவள்மேல் இரக்கப்பட்டு இரண்டாம் பகுதியை அடித்துப் பார்த்தேன். அவள் சிரிக்கவே இல்லை, பாஸை வாங்காமல் வீட்டிலேயே இருந்துவிட்டாள் என்று எழுதினேன். நிம்மதியாக இருந்தாள். ஆனால் அதைப் படிக்க நீங்கள் இருக்கமாட்டீர்கள். திரும்ப ஒட்டிவிட்டேன். எனக்கும் அந்தச் சென்னை எடிட்டருக்கும் தொழில் ஒன்றுதான் என்று அப்போது தெரிந்தது. எனக்கு வந்த பயமும் இதுதான் போல.

காய்ச்சல் என்று சொல்லி அவள் போகாமல் இருந்துவிட்டாள் என்றும் ஒரு முடிவு—

இல்லை. போகாவிட்டால் எதிர்வீட்டிலிருந்து சத்தம் கேட்கும். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அதைக் கேட்பது இன்னும் கொடுமை. போனாள்.

5

எதிர்வீட்டு ஹாலில் தெருவே கூடியிருந்தது. பிளாரன்ஸ் அவளை மட்டும் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிப்போய் அடுப்பு மேடை ஓரம் நிறுத்தினாள். எல்லாம் தெரிந்துவிட்டது என்று ஷெர்லின் நினைத்தாள்.

"ஏளா, ஒரு காரியம். வெளிய சொல்லிராத."

"என்னக்கா?"

"பவுடர் போடுத ரூம்ல மேக்கப் போட்டுவிட்ட பொண்ணு என்னமோ வேடிக்கையாச் சொல்லிச்சு. நான் சிரிச்சுட்டேன். நல்லாவே சிரிச்சேன்ளா. அவிய போனதுக்குப் பொறவு இப்பந்தான். பாத்தா, பக்கத்துல கேமராவோட ஒருத்தன் நிக்கான்."

யாருக்காவது கேட்கிறதா என்று ஷெர்லின் ஹால் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"அத மட்டும் போட்டுட்டான்னா எனக்கு இந்தத் தெருவுல மொகம் இல்ல. அதான் ஒன்னக் கூப்பிட்டேன். அன்னைக்கு எனக்காவ நீ அழுதத மேடையிலருந்து பாத்தேன். எம் பக்கத்துல இரி."

ஷெர்லின் தன்னுடையதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் ஹாலிலிருந்து யாரோ, "யக்கா, போட்டுட்டான், வாங்க" என்றார்கள்.

இங்கே நான் நிறுத்திக்கொள்கிறேன். கையில் இரண்டு சிரிப்புகள் இருக்கின்றன. ஷெர்லின் சிரித்ததை வைத்தால், மண்டபத்தில் பிளாரன்ஸுக்காக அழுத ஒரே தெருக்காரியும் அவளுக்கு இல்லாமல் போவாள். பிளாரன்ஸ் சிரித்ததை வைத்தால், ஹென்றிக்காக இனி அவள் எந்தக் கதவைத் திறந்து வைத்தாலும் தெரு நம்பாது. இரண்டையும் வெட்டிவிடலாம். வெட்டினால் நிகழ்ச்சி சப்பென்று போகும், கதையும் போகும். என்னால் முடியவில்லை. உங்களால் முடியுமா, பாருங்கள்.

ஹாலில் இருவரும் ஒட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். யார் கை யார் கையைப் பிடித்திருக்கிறது என்று தெரியவில்லை, இரண்டும் வியர்த்திருக்கின்றன. டிவியில் பிளாரன்ஸ் மைக்கை வாங்குகிறாள். அவள் பேசி முடித்ததும் ஒரு முகம் வரவேண்டும். நீங்கள் யார் சிரிப்பைக் காட்டினாலும், பக்கத்தில் இருப்பவள் அந்தக் கையை விட்டுவிடுவாள்.