பதினேழு கிலோ கிளட்ச்

என் கணவர் நில அளவையாளர். எதையும் கண்ணால் பார்த்தால் போதாது, அளந்தால்தான் நம்புவார். கல்யாணமான புதிதில், எங்கள் படுக்கையறை ஒரு மூலையில் முக்கால் அங்குலம் கோணல் என்று கண்டுபிடித்துச் சொன்ன மனிதர். நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவள். முக்கால் அங்குலம் என்றால் எவ்வளவு பெரிய பிழை என்று எனக்கும் தெரியும். அதனால் எங்களுக்குள் ஒத்துப்போனது.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை காலை, என் தம்பியின் மெக்கானிக் ஷெட்டில் அவருக்கு அடிபட்டது. தம்பி கியர்பாக்ஸ் வேலைக்குப் பேர்போனவன். அன்று ஒரு எஞ்சினைச் சங்கிலியில் மாட்டித் தூக்கிக்கொண்டிருந்தான். கூட ஒரு ஆள் வேண்டும் என்று இவர் ஒத்தாசைக்குப் போய் நின்றிருக்கிறார். சங்கிலி அறுந்து, எஞ்சின் இவருடைய இடது தொடைமேல் இறங்கிவிட்டது.

எலும்பு சேர்ந்துவிட்டது, நரம்புதான் நசுங்கிப்போனது. டாக்டர் வேறு இடத்திலிருந்து நரம்பு எடுத்து ஒட்டுப்போட்டார். இனி அது மாதத்துக்கு ஒரு அங்குலம்தான் வளரும், பாதம் வரைக்கும் போய்ச் சேர வேண்டும், பொறுமையாக இருங்கள் என்றார். இவர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடியே என்னை டேப் எடுத்துவரச் சொல்லி, இடுப்பிலிருந்து கட்டைவிரல் வரை அளந்து, மூன்றே கால் வருஷம் என்றார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு திருப்தி கூட இருந்தது.

வெயிலில் நடந்து நிலம் அளந்தவர், அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடம் வரைகிற வேலைக்கு மாறினார். அந்த வருஷம்தான் ஒரு கார் வாங்கினார். இரண்டே பேர் உட்காரும் பழைய ஸ்போர்ட்ஸ் கார். மங்கிய பச்சை நிறம். எங்கள் இரண்டு பேரையும்விட வயதில் மூத்தது. அந்த மாடலில் ஆட்டோமேட்டிக் அபூர்வம். யாரும் சீந்தாததால் அபூர்வம். இடது காலுக்கு வேலையே வைக்காத வண்டி என்பதுதான் இவருக்கு வேண்டியிருந்தது. பழைய கார் பிரியர்கள் ஆசையாக எட்டிப் பார்ப்பார்கள், ஆட்டோமேட்டிக் லீவரைக் கண்டதும் உதட்டைப் பிதுக்குவார்கள். ஒருவர் துக்கம் விசாரிக்கிற மாதிரி இவர் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

தம்பி மட்டும் காரைப் பற்றி வாய் திறந்ததில்லை. விபத்துக்கு அப்புறம் அவன் எங்கள் வீட்டுக்கு வருவது எதையாவது பழுதுபார்க்க மட்டும்தான் என்றாகிவிட்டது. குழாய் ஒழுகினால் வருவான். கதவு கிறீச்சிட்டால், நான் கூப்பிடாமலே எண்ணெய் டப்பாவோடு வந்து நிற்பான். தன் மாமாவான இவரிடம் தரையைப் பார்த்துக்கொண்டே பேசுவான். உட்காரச் சொன்னால் ஷெட்டில் வேலை இருக்கிறது என்பான்.

நரம்பு சொன்ன சொல் தவறாமல் வளர்ந்தது. ஒரு நாள் கட்டைவிரல் அசைந்தது. அன்று நான் கடைக்கு லீவு போட்டுவிட்டு நாள் முழுக்க அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அசைவு வேறு, பலம் வேறு. பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட், கால் எத்தனை கிலோ தள்ளுகிறது என்று வாராவாரம் எடை பார்ப்பார். அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயர் தராசம்மா. அவர் ஒரு ரப்பர் பட்டையைக் கொடுத்து, காலில் மாட்டித் தினம் இருநூறு தடவை தள்ளச் சொன்னார். இவர் ஒரு வாரம் தள்ளினார். அப்புறம் பார்த்தால், பட்டை பால்கனியில் சாய்ந்துபோன செடியைக் கம்போடு சேர்த்துக் கட்டியிருக்கிறது. கேட்டதற்கு, "தள்ளினா ஏதாவது நகரணும்மா. இது எதையும் நகர்த்தலை" என்றார்.

அதைத் தம்பியிடம் போனில் சொல்லி அலுத்துக்கொண்டேன். பத்து நாள் கழித்து, எதுவும் பழுதாகாத ஒரு மாலையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். அதே மாடல் கார் ஒன்று முன்பக்கம் நொறுங்கி உடைப்புக் கடைக்கு வந்திருக்கிறதாம். அதன், கையால் கியர் மாற்றுகிற மேனுவல் கியர்பாக்ஸ், பெடல்கள், கிளட்ச் எல்லாவற்றையும் அவன் கழற்றி எடுத்துவிட்டான். மாமாவுக்குச் சம்மதம் என்றால் பச்சை வண்டியில் மாட்டிவிடுவான். இதை அவன் தரைக்குத்தான் சொன்னான்.

என் கணவர், "கிளட்சை மிதிக்க எத்தனை கிலோ வேணும்?" என்று கேட்டார்.

"பதினேழு, மாமா."

குளியலறையிலிருந்து எடை பார்க்கும் மெஷினைக் கொண்டுவரச் சொன்னார். அதை நடைவழிச் சுவரில் சாய்த்து, எதிரே நாற்காலி போட்டு, அது பின்னால் நகராமல் என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, இடது காலால் தள்ளினார். தம்பி தரையில் மண்டியிட்டு முள்ளைப் படித்தான். ஒன்பது.

மறுநாளிலிருந்து ரப்பர் பட்டைக்குத் தேவையே இல்லாமல் போனது. காலையில் பல் தேய்க்கும் முன்பு ஒரு தடவை, அலுவலகத்திலிருந்து வந்ததும் ஒரு தடவை, அந்தச் சுவரோடு மல்லுக்கு நின்றார். நடைவழியில் போகிற வருகிற நான் அவர் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். தராசம்மாவிடம் விஷயத்தைச் சொன்னபோது, இத்தனை வருஷத்தில் தனக்கு இப்படி ஒரு கூட்டாளி கிடைத்ததில்லை, உங்கள் தம்பியைக் கேட்டதாகச் சொல்லுங்கள் என்றார்.

அங்கே ஷெட்டில் சனிக்கிழமைதோறும் வேலை நடந்தது. ஆட்டோமேட்டிக் கார் ஆனதால் பிரேக் பெடல் இரண்டு கால் வைக்கிற அகலம். அதை எடுத்துவிட்டு ஒடுக்கமான பெடலும் பக்கத்திலே கிளட்ச் பெடலும் வைத்தான். கியர்பாக்ஸின் மூக்கு போய் உட்கார வேண்டிய துளை இந்த எஞ்சினில் அரைகுறையாகக் குடையப்பட்டிருந்தது. லேத்துக்காரர் ஒருவர் அதற்கென்றே பித்தளையில் ஒரு வளையம் கடைந்து கொடுத்தார். கியர் லீவர் மேலே வர வேண்டிய இடமும் பழைய ஓட்டையும் பொருந்தவில்லை. அதைக் கேட்டதும் என் கணவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காகிதத்தில் அளவுப்படம் வரைந்துகொண்டு, நாலு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாக அந்த ஷெட்டுக்குள் காலை வைத்தார். அவர் கோடு போட்டுக் கொடுத்தார், தம்பி வெட்டினான். அரை மில்லிமீட்டர் கூடப் பிசகவில்லை என்று இன்றுவரை எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அடுத்த சனிக்கிழமை எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பூட்டி, ஒன்றாகத் தூக்கி உள்ளே இறக்க வேண்டும். நானும் போயிருந்தேன். தம்பி சங்கிலியைக் கொக்கியில் மாட்டினான், கழற்றினான், திரும்ப மாட்டினான். மாமாவை வெளியே போய் நிற்கச் சொன்னான். இவர் நகரவில்லை.

"அன்னைக்கு அது பழைய சங்கிலி மாமா," என்றான். "மாத்தணும் மாத்தணும்னு ரெண்டு மாசமா நெனச்சிட்டே இருந்தேன். மாத்தலை."

இவர் அவன் பக்கம் திரும்பினார். "சரி. என் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்தது யாரு?"

தம்பிக்கு முதலில் புரியவில்லை.

"நான் எஞ்சினுக்கு நேர் கீழே குனிஞ்சிட்டிருந்தேன். சத்தம் கேட்டு நீ இழுத்தே. காலர் கிழிஞ்சு உன் கையோட வந்துச்சு. நீ இழுக்கலைன்னா தலையில விழுந்திருக்கும் மாப்ளே. நாலு வருஷமா அதைச் சொல்லத்தான் பாக்கறேன், நீ உட்காரவே மாட்டேங்கற."

எனக்கு இது இரண்டுமே புதுச் செய்தி. சங்கிலியைப் பற்றித் தம்பியும் சொன்னதில்லை, காலரைப் பற்றி இவரும் சொன்னதில்லை. ஒரே நிமிஷத்தை ஆளுக்குப் பாதியாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள். தம்பி அழுக்குத் துணியால் முகத்தைத் துடைத்து, முகமெல்லாம் கிரீஸ் ஆக்கிக்கொண்டான். இவர் போய் எஞ்சினின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை நான் பிடித்தேன். தம்பி புதுச் சங்கிலியை இழுக்க, அது தொட்டிலில் குழந்தையைக் கிடத்துகிற மாதிரி மெல்ல இறங்கியது.

மிச்சம் இருந்தது எடைதான். கிளட்சுக்கு எண்ணெய் தள்ளுகிற சிலிண்டரைச் சிறிதாக மாற்றினால் பெடல் இலகுவாகும், ஆனால் இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டும் என்று தம்பி மாற்றினான். பதினேழு பதினாலானது. இவர் கால் பன்னிரண்டரைக்கு வந்து, மூன்று வாரம் அங்கேயே படுத்துக்கொண்டது. தம்பி பொறுக்க முடியாமல், கிளட்ச் ஸ்பிரிங்கைத் தளர்வானதாகப் போட்டுவிடட்டுமா என்று கேட்டான்.

"அப்படிப் போட்டா கிளட்ச் வழுக்கும்னு நீதானே சொன்னே. வண்டியை இனிமே இறக்காதே. நான் ஏறிக்கறேன்."

ஏறினார். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது நடைவழியிலிருந்து கூப்பிட்டார். முள் பதினாலைத் தொட்டு, சற்றுத் தாண்டி, அங்கேயே நின்றது. கண்ணில் நீர் வந்ததற்கு வெங்காயத்தைக் காரணம் காட்ட எனக்கு வசதியாக இருந்தது.

ஞாயிறு காலை தெரு காலியாக இருந்தது. தம்பி நடைபாதையில் நின்றான், நான் பக்கத்து இருக்கையில். முதல் தடவை வண்டி குதித்து நின்றுபோனது. இரண்டாவது தடவையும், மூன்றாவது தடவையும். பின்னால் வந்த பால் வண்டிக்காரர் ஹாரன் அடிக்கவில்லை. இறங்கிவந்து காரைச் சுற்றிப் பார்த்து, மேனுவலா என்று கேட்டுவிட்டு, மெதுவாகவே எடுங்கள், எனக்கு ஒன்றும் அவசரமில்லை என்று காத்திருந்தார். அவர் முகம்கூட இப்போது சரியாக நினைவில்லை. ஆனால் நல்லா இருக்கட்டும் என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

நாலாவது தடவை வண்டி நகர்ந்தது. இரண்டாவது கியர், மூன்றாவது. எஞ்சினின் குரல் உயர்ந்தது. என் கணவர் கியர் மாற்றத் தேவையில்லாத இடத்திலும் மாற்றிக்கொண்டிருந்தார். தெருமுனையில் திருப்பிக்கொண்டு வந்தபோது தம்பி நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தான். வண்டியை நிறுத்தி, இவர் அவனிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "நல்லா செஞ்சிருக்கே மாப்ளே."

அவன் இப்போது சனிக்கிழமைதோறும் வருகிறான். உட்கார்ந்தால் எழுந்திருப்பதில்லை என்பது வேறு தொல்லை. குழாய் மறுபடி ஒழுகுகிறது, அதை யாரும் கவனிப்பதில்லை.

கால் முழுசாகச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். படியேறும்போது இன்னும் இழுக்கிறது. போன வாரம் தராசம்மா எடை பார்த்தார், பதினாறரை. இனி தினம் நாற்பது படி ஏறி இறங்க வேண்டும் என்றார். இவர், படிக்கட்டில் ஓடுகிற கார் எதுவும் உண்டா என்று கேட்டார். தராசம்மா சிரிக்காமல், உங்கள் மச்சானைக் கேட்டுப் பாருங்கள் என்று எழுதிக் கையில் கொடுத்தார்.