மச்சான் கைவைத்த மேசை

பொதுமக்கள் அனைவருக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: நாலு நாள் வாடகைக்கு எடுக்கும் வீட்டின் டெபாசிட்டைச் சேதாரமில்லாமல் திரும்பப் பெறும் முறை கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. கண்டுபிடித்தவர், காப்பீட்டு அலுவலகத்தின் இழப்பீட்டுப் பிரிவில் உட்கார்ந்து, ஊரார் கேட்ட பணத்தைக் கொடுக்காமல் காப்பாற்றி வருபவர். மூச்சுக்கு மூச்சு விதி பேசுவதால் வீட்டில் அவருக்கு 'ஷரத்து' என்று பெயர்.

மகளைக் கல்லூரியில் சேர்க்க மனைவி, மனைவியின் அண்ணன் சகிதம் வெளியூர் வந்து, அப்படியொரு வீடு எடுத்திருந்தார். டெபாசிட்டை வாங்கி வைத்துக்கொள்வது வாடகைக் கம்பெனி. காலி செய்தபின் வீட்டுக்காரம்மா சுற்றிப் பார்த்து, ஒன்றும் உடையவில்லை என்றால் பணம் மூன்று நாளில் திரும்பி வரும். உடைந்தது என்றால் இரு தரப்பும் ஆதாரம் அனுப்ப, கம்பெனி யோசிக்கும். திரும்பி வரும் பணத்தில்தான் மகளின் விடுதிக் கட்டணம். கடைசித் தேதி வெள்ளிக்கிழமை.

"வராட்டி என்னப்பா பண்றது?" என்றாள் மகள்.

"எழுத்துல இருக்கும்மா," என்றார் ஷரத்து, அதற்கு மேல் உலகத்தில் என்ன வேண்டும் என்பதுபோல.

பூட்டைத் திறந்ததும் யாரையும் உட்கார விடவில்லை. கீறல், கறை, ஆடும் கைப்பிடி எல்லாவற்றையும் படம் பிடித்தார். அவர் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு: சேதத்தின் பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். ஆளில்லாத படம் எங்கே எடுத்ததோ யார் கண்டது என்று அவரே எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். ஆகவே ஒவ்வொரு படத்திலும் மச்சான் நின்றார். கண்ணாடிச் சாப்பாட்டு மேசையின் மூலையில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது. அதை விரலால் காட்டச் சொன்னார் ஷரத்து. படம் என்றாலே நிமிர்ந்து நிற்கும் சுபாவம் மச்சானுக்கு. விரல் நீட்டுவது கௌரவமாகப் படவில்லை. உள்ளங்கையை மூலையில் அகலமாக ஊன்றி, நாட்டுக்கு ஏதோ சொல்லப்போகிறவர்போல் நின்றார். ஷரத்து மச்சானின் முகத்தைப் பார்த்துக் கிளிக் செய்தார்.

ஊர் திரும்பிய மறுநாளே வீட்டுக்காரம்மாவிடமிருந்து செய்தி வந்தது. மேசையின் மூலை உடைந்திருக்கிறதாம். முழுக் கண்ணாடியையும் மாற்ற டெபாசிட் சரியாக இருக்குமாம். ஷரத்து அரசனைப்போலச் சிரித்து, பழைய படத்தைக் கம்பெனிக்கே அனுப்பினார்.

சற்று நேரத்தில் வீட்டுக்காரம்மா போன் செய்தார். குரலில் அத்தனை மரியாதை. "சார், கம்பெனி உங்க படத்தைக் காட்டுச்சு, ரொம்ப நன்றி. மூலைல வெயிட் போட்டுச் சாஞ்சிட்டிருக்கறவரு உங்க ஆளுதானே? நாங்க இதையே எங்க ஆதாரமாக் குடுத்துட்டோம்."

ஷரத்து படத்தைப் பெரிதாக்கினார். மச்சானின் கை பெரிதானது. சில்லு எங்கும் தெரியவில்லை.

"கைதானே மாப்ளே வெச்சேன், ஏறி உக்காரலயே," என்றார் மச்சான். அண்ணனை இனி அப்பளத்துக்குப் பக்கத்தில்கூட நிறுத்தக்கூடாது என்று மனைவி சொன்னதாகத் தெரிகிறது.

ஷரத்து கம்பெனிக்கு நாள் தவறாமல் போன் செய்தார். தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது, பத்து வேலை நாளில் முடிவு தெரிவிக்கப்படும் என்றார்கள். அந்த வாக்கியத்தை அவர் நன்றாக அறிவார். கமா உட்பட அவர் அலுவலகக் கடிதத்தில் இருப்பது. பத்து நாளுக்கு முன் அது மாறாது என்பதையும் அறிவார் என்பதால் போனை வைத்துவிட்டார். விடுதிக்கு அவகாசம் கேட்டு எழுதினார். அவர்களிடமும் ஒரு ஷரத்து இருந்தது.

மகள் கட்டிவைத்த பெட்டியைத் திறந்து, அன்றைக்கு உடுத்த ஒரு துணியை மட்டும் உருவிக்கொண்டு மறுபடி மூடினாள். அவள் கேட்டிருந்தால் அவர் ஏதாவது விதி சொல்லியிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விடுதியில் அவளுக்கென்று வைத்திருந்த கட்டிலை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள்.