மயங்கிக் கிடந்தவர் எழுந்து வந்தார்

மயங்கிக் கிடந்த ஆள் எழுந்து வந்தது சரியா தப்பா என்கிற பஞ்சாயத்தில் அன்று எங்கள் கடையில் ஒரு பேனர்கூட உருப்படியாக வெளியே போகவில்லை.

எங்களுடையது பேனர் அச்சடிக்கிற கடை. மிஷினை ஓட்டுகிறவரை எல்லோரும் மிஷின் அண்ணன் என்போம். கம்ப்யூட்டரில் படம் போடுகிற பெண்ணுக்கு டிசைனர் என்பதே பெயராகிவிட்டது. அச்சாகி வருகிற பேனரின் ஓரத்தை மடித்து ஒட்டி, மூலைக்கு மூலை பித்தளை வளையம் அடிப்பது என் வேலை. ஊரில் சனிக்கிழமைதோறும் நடக்கிற மல்யுத்த ஷோவுக்கு பேனர் எங்களிடம்தான். மற்ற இருவரும் அந்த ஷோவின் வெறி பிடித்த ரசிகர்கள். எனக்கு அதில் ஒரு ஈடுபாடும் கிடையாது. அதில் சிட்டு என்ற பெயரில் பறந்து பறந்து குதிக்கிறவன் என் தம்பி, அவ்வளவுதான்.

வா வா என்று வருஷக்கணக்கில் நச்சரித்திருக்கிறான். "எல்லாம் முன்னாடியே பேசி வச்சுக்கிட்டு அடிச்சுக்கிறீங்க, இதுல பாக்க என்ன இருக்கு" என்று தட்டிக் கழித்துவிடுவேன். உண்மையில் பயம். அம்மா போனபோது அவன் என் இடுப்பு உயரம்கூட இல்லை. சோறு ஊட்டி வளர்த்த உடம்பு கீழே விழுவதைக் காசு கொடுத்து உட்கார்ந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. ஆனால் அந்தப் பஞ்சாயத்துக்கு முந்தின சனிக்கிழமை ஆறு பேர் மோதுகிற பெரிய மேட்ச், நீ வராவிட்டால் சாப்பிட மாட்டேன் என்று அடம்பிடித்ததால் போனேன். போனதும் மானத்தை வாங்கினான். மேடைக்கு வருகிற வழியில் மைக்கைப் பிடித்து, "இதான் எங்க அக்கா" என்று அரங்கத்துக்கே என்னைக் காட்டிவிட்டான்.

அப்புறம் மணி அடித்தது. நான் என்னத்தைச் சொல்ல. ஆறு பேரும் ஒரே நேரத்தில் உள்ளே. யாருக்கு யார் கூட்டாளி என்பது நிமிஷத்துக்கு நிமிஷம் மாறியது. ஒருவன் கயிற்றில் கால் வைத்துக் காற்றிலேயே முழுசாகத் திரும்பி எதிரியின் கழுத்தில் வந்து உட்கார்ந்தான். இன்னொருவன் நிற்கிற இரண்டு பேர் தலைக்கு மேலாகப் போய் வெளியே இருந்தவன் மேல் விழுந்தான். விழுந்தவன் எழுவதற்குள் அவன் மேல் மூன்றாமவன். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஆயிரம் பேர் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் கத்திக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது. பேசி வைத்ததாகவே இருக்கட்டும். பேசி வைத்துக்கொண்டு நீங்கள் ஒரு தடவை பறந்து காட்டுங்களேன் பார்ப்போம்.

ஆறு பேரில் பறக்காதவர் ஒருவர்தான். அவர் பெயர் சம்மட்டி. மொட்டைத் தலை, முன்னால் போகிற தொப்பை, கறுப்புப் பனியன். நடுவர் திரும்பினால் கண்ணில் குத்துவார், விழுந்தவன் விரலை மிதிப்பார். அவர் தலை தெரிந்தாலே அரங்கம் எழுந்து நின்று ஊளையிடும். நானும் திட்டினேன், வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினேன். கடைசியில் என் தம்பி மடக்கு நாற்காலியால் அவர் முதுகில் ஒன்று வைத்தான். மனிதர் மேடைக்கு வெளியே சிமெண்டுத் தரையில் விழுந்து, மயங்கி, நாக்கைத் தொங்கப் போட்டுக் கிடந்தார்.

தம்பி மூலைக் கம்பத்தின் உச்சியில் ஏறினான். கீழே மற்ற நாலு பேரும் தற்செயலாக நிற்பதுபோல ஒன்றாகத் தள்ளாடிக்கொண்டு நின்றார்கள். அவனைத் தாங்குவதற்குத்தான் நிற்கிறார்கள் என்பது எனக்கே தெரிந்தது. அவன் குதித்தபோது வியர்வையில் கால் வழுக்கியது. நாலு பேர் நின்றது ஒரு பக்கம், அவன் உடம்பு போனது இன்னொரு பக்கம், தலைகீழாக, இரும்புத் தடுப்பை நோக்கி. எனக்கு உயிரே இல்லை.

மயங்கிக் கிடந்தவர் எழுந்தார். எழுந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, தரையிலிருந்து கிளம்பினார். அவ்வளவு பெரிய உடம்பு அப்படி வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். நெஞ்சைக் கொடுத்து என் தம்பியை வாங்கி, இறுக்கிப் பிடித்து, இரும்பில் தன் முதுகு மோத இரண்டு பேருமாக விழுந்தார்கள். அவர் அடியில், அவன் மேலே. அப்புறம் செய்ததுதான் வேடிக்கை. அவனை மெல்ல ஓரமாக உருட்டிவிட்டு, கண்ணை மூடி, நாக்கைத் தொங்கப் போட்டு மறுபடி மயங்கிவிட்டார். யாரும் சிரிக்கவில்லை.

பஞ்சாயத்து இதைப் பற்றித்தான்.

"நாற்காலி அடி வாங்கி மயங்குன ஆளு எப்படிம்மா எந்திரிப்பான்?" என்றார் மிஷின் அண்ணன். "அதுவும் அடிச்சவனையே போய்த் தாங்குவான்? பொய் சொன்னா கடைசி வரைக்கும் சொல்லணும். நடுவுல விட்டுட்டா, அவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்துன நான் என்ன பைத்தியக்காரனா?"

"ஒரு உசுரு போயிருக்கும்ணே" என்றாள் டிசைனர்.

"போயிருக்கும்தான். அவர் செஞ்சது தப்புன்னா சொல்றேன்? மேட்ச் போச்சுங்கிறேன்."

"என்னைக் கேட்டா இத்தனை நாள்ல அது ஒண்ணுதான் மேட்ச்சு. மத்ததெல்லாம் அதுக்கு முன்னாடி ஓடுன விளம்பரம்."

ரசிகர்களின் போன் குரூப்பில் அந்த வீடியோ சுற்றிச் சுற்றி வந்தது. ஆளுக்கு ஒரு தீர்ப்பு. சிட்டு வழுக்கியதே திட்டம்தான் என்று ஒரு மேதாவி எழுதியிருந்தான். அவன் வீட்டு விலாசம் கிடைக்குமா என்று கேட்டேன். சம்மட்டியைத் திட்டி யாருமே எழுதவில்லை. எனக்கு அதில் பெரிய சந்தோஷம். அது எத்தனை பெரிய ஆபத்து என்று மத்தியானம் மேட்ச்காரர் வந்தபோதுதான் தெரிந்தது.

மேட்ச்காரர் என்றால் அந்த ஷோவை நடத்துகிறவர். அடுத்த வார பேனருக்குப் படம் கொடுக்க வந்திருந்தார். ஆறு பேருக்கு ஐந்து முகம்தான் இருந்தது.

"சம்மட்டி எங்க சார்?" என்றேன்.

"சந்தேகம்மா. அவரைத் திட்டுறதுக்குன்னே பாதி ஜனம் வருது. இப்ப பாரு, எல்லாம் அண்ணன் அண்ணன்னு உருகுது. கைதட்டு வாங்குற வில்லனை வச்சு நான் என்ன பண்ணுவேன்?"

"அப்ப ஹீரோவாக்குங்க."

"அந்தத் தொப்பைக்கா? நீயே சொல்லு." அவர் கெட்டவர் இல்லை, தொழில்காரர். "இந்தச் சனிக்கிழமை வரட்டும். ஜனம் திட்டுனா இருப்பாரு. கை தட்டுனா அன்னிக்கோட சரி. அவருக்கும் சொல்லிட்டேன். தலையை ஆட்டிக்கிட்டுப் போயிட்டாரு."

அவர் படியிறங்கியதும் டிசைனர் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, நான் ஒண்ணு பண்ணிட்டேன்" என்று போனை நீட்டினாள். சனிக்கிழமை சம்மட்டி அண்ணன் வரும்போது அரங்கமே எழுந்து நின்று கைதட்ட வேண்டும் என்று காலையில் அவள்தான் எழுதிப் போட்டிருக்கிறாள். அடியில் வரிசையாக இதயப் படங்கள்.

"அழிச்சிடு."

"அழிச்சிட்டேன்கா. அதுக்குள்ள வேற குரூப்புக்கெல்லாம் போயிடுச்சு."

"நல்லது பண்றேன்னு ஒரு மனுஷன் சோத்துல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே" என்று கத்தினேன். அவள் அழுதாள். எழுதிப் போட எனக்குத் தெரிந்திருந்தால் நானே போட்டிருப்பேன், அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. மிஷின் அண்ணனிடம், "நீங்க மாத்தி எழுதுங்கண்ணே. வழக்கம்போலத் திட்டுங்கன்னு" என்றேன். அவர் அச்சாகிற பேனரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லி வச்சுத் திட்டுனா அது திட்டாம்மா? தானா வரணும்" என்றார்.

சாயங்காலம் வீட்டில் தம்பி தோளில் ஐஸ் கட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எனக்கு ஒன்று மட்டும் புரியவே இல்லை.

"ஏன்டா, கண்ணை மூடிக் கிடந்த மனுஷனுக்கு நீ வழுக்குனது எப்படிடா தெரிஞ்சது?"

"நானும் கேட்டேன்கா. நீ மேல ஏறும்போது மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வச்சிருப்பேன்டான்னாரு."

"எப்பலேர்ந்து?"

"நான் சேந்த நாள்லேர்ந்து."

எழுந்து சமையலறைக்குப் போய், கழுவி வைத்த பாத்திரங்களையே மறுபடி கழுவினேன். நான் பார்க்கப் பயந்து வீட்டில் உட்கார்ந்திருந்த நாளெல்லாம் ஒருவர் தரையில் கிடந்து எனக்குப் பதிலாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அங்கிருந்தே கேட்டேன், "நேர்ல போயி ஒரு நன்றியாவது சொல்லிட்டு வரவா?"

"ஐயோ, வேண்டாம்கா. நீ எங்க அக்கான்னு ஊருக்கே தெரியும். யாராவது படம் எடுத்துப் போட்டா அவர் கதை முடிஞ்சுது." மறுபடி அவனே சொன்னான். "இத விட்டா அவருக்கு வேற எதுவும் தெரியாதுக்கா. விலா எலும்புல கட்டுப் போட்டுக்கிட்டு நேத்தும் பிராக்டீஸுக்கு வந்தாரு."

சனிக்கிழமை முன்வரிசையில் எனக்கு ஒரு பக்கம் மிஷின் அண்ணன், ஒரு பக்கம் டிசைனர். வாரம் முழுக்க வளையம் அடித்துக்கொண்டே வசவுகளைச் சேர்த்து வைத்திருந்தேன். யாரும் திட்டாவிட்டால் நான் ஒருத்தியாவது திட்டுவது என்று முடிவு. மற்ற ஐந்து பேரும் ஒவ்வொருவராக வந்தார்கள். மேட்ச்காரர் திரைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியாக சம்மட்டியின் பாட்டு ஒலித்தது.

திரையை விலக்கிக்கொண்டு அவர் வந்தார். அரங்கம் எழுந்தது. ஆனால் சத்தமே இல்லை. ஆயிரம் பேர் மரியாதையாக எழுந்து நிற்கிறார்கள். பின்னால் எங்கேயோ ஒருவர் கைதட்டினார். அந்தப் பக்கம் இன்னொருவர். திட்டலாம் என்று நான் வாயைத் திறந்தேன். தொண்டையில் ஒன்றும் வரவில்லை, கண்ணில்தான் வந்தது. அந்தத் தலையையும் தொப்பையையும் பார்த்தால் கும்பிடத்தான் தோன்றியது. என்னை அறியாமல் இரண்டு கையும் சேரப் போயிற்று.

அவர் அதைப் பார்த்துவிட்டார். முகம் எப்படி விழுந்தது என்கிறீர்கள். தன் வேலை போவதைத் தானே நின்று பார்க்கிற மனிதரின் முகம் அது. இரண்டு எட்டு மேடைப் பக்கம் வைத்தார், நின்றார், திரும்பினார், நேராக என்னிடம் வந்தார். நான் கக்கத்தில் இடுக்கியிருந்த தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கினார். ஒரு வாய் ஊற்றிக் கொப்பளித்து, என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, என் காலடியில் துப்பினார். மிச்சத்தை என் தலையில் கவிழ்த்தார்.

கைதட்டல் நின்றுவிட்டது. அரங்கம் மொத்தமும் என்னைப் பார்த்தது. சிட்டுவின் அக்கா என்ன செய்யப் போகிறாள் என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. அவர் மூக்கு விடைத்துக்கொண்டு முறைத்தார். கண் மட்டும் கெஞ்சியது. அவ்வளவு பெரிய மனிதர் அப்படிக் கெஞ்சி யாரிடமும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்.

முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தேன். "நாசமாப் போவடா நீ" என்று கத்தினேன். "மொட்டை, எருமை, உனக்கெல்லாம் நல்ல கதியே கிடையாதுடா." அவர் நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும் என்று காலையில் விளக்கேற்றி வேண்டிக்கொண்டு வந்தவள் நான்.

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மிஷின் அண்ணன் நாற்காலி மேல் ஏறி நின்று ஊளையிட்டார். அந்தப் பக்கத்து வரிசை, அதற்குப் பின்வரிசை, மேல்மாடி. கைதட்டுவதற்காகத் தூக்கிய கைகளையெல்லாம் முஷ்டியாக்கி ஆட்டினார்கள். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இப்படி ஒரு சத்தம் அந்தக் கூரைக்குக் கீழே அதுவரை எழுந்திருக்காது. தரை அதிர்ந்தது உள்ளங்காலில் தெரிந்தது. டிசைனர் கண்ணீர் கொட்டக் கொட்ட "வெளியே போடா" என்று கத்திக்கொண்டிருந்தாள். திரைக்குப் பக்கத்தில் நின்ற மேட்ச்காரர் கட்டிய கையைப் பிரித்துவிட்டு உள்ளே போனார்.

சம்மட்டி காலிப் பாட்டிலை எங்கள்மேல் விட்டெறிந்துவிட்டு, மார்பை நிமிர்த்தி, கட்டுப் போட்ட விலாவை ஒரு கையால் மறைத்துக்கொண்டு மேடை ஏறினார். கயிற்றில் சாய்ந்து நின்று ஆயிரம் பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பார்த்துவிட்டு உதட்டில் விரலை வைத்து, வாயை மூடுங்கள் என்றார்.

யாரும் மூடவில்லை.